அலுவலர் பிழையும் அரசின் பொறுப்பும்

அரசாங்கத்து அலுவலர் ஒருவர் தம் கடமையைச் செய்யுமிடத்துக் குடிமகன் ஒருவனுக்குத் தீங்கிழைப்பாராயின், அத்தீங்கிற்கு ஈடு செய்ய வேண்டியவர் யார்? தீங்கிழைத்த அலுவலரோ? அவரை அப்பதவியில் அமர்த்திய அரசோ? அன்றி இருவருமோ? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை காண நம் நாட்டு நீதிமன்றங்கள் 1861 ஆம் ஆண்டு தொடங்கி முயன்று வருகின்றன. எனினும் முழு விடை இன்னும் கிடைத்திலது. சட்டக் கல்லூரியில் பயிலாத எம்மனோர் இதனுட் புகுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். சட்டத்தின் நுட்பம் வல்லுநர்க்கே உரியதெனினும், சட்டத்தினால் நேரும் இழப்பு எல்லார்க்கும் உரியது. தடியடி படுவோன் தண்டனைச் சட்டம் பயின்றவனாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. ஆதலின், யாம் கற்றுணர்ந்த அளவில் இப்பொருளைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

முதற்கண் கல்கத்தா நகரத்து வழக்கொன்றைக் காண்போம். அந்நகரின் கிதர்ப்பூர்க் கப்பற்பட்டறையில் அரசாங்கத் தொழிலாளர் சிலர், நீராவிக் கப்பலைச் செப்பனிடுதற்பொருட்டுக் கனத்த இரும்புப் பகுதியொன்றைச் சுமந்து சென்றனர். அவ்வழியே 'பெனின்சுலர் அண்டு ஓரியண்டல்' என்னும் கப்பற் கம்பெனியாரின் இரட்டைக் குதிரை வண்டி வந்தது. தொழிலாளர் இரும்பைக் கீழே நழுவவிட, அதன் பேரொலி கேட்டுக் குதிரைகள் மிரண்டோடின. ஒரு குதிரை காயமுற்றது. கம்பெனியார் 350 ரூபாய் நஷ்டஈடு வேண்டி இந்திய மந்திரியின் மீது வழக்குத் தொடுத்தனர். 1861 ஆம் ஆண்டில் கல்கத்தாச் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை நீதிபதி ஸர் பார்ன்ஸ் பீகாக் தீர்ப்பளித்தார். கப்பற்பட்டறை நடத்துதல் தனியாரும் செய்யக்கூடிய தொழிலே. ஆதலின் அத்தொழிலில் நேர்ந்த பிழைக்கு அரசாங்கம் பொறுப்பேற்றே ஆதல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

தீர்ப்பு நல்லதே. ஆயினும் அதனுள் ஒரு முள்ளும் மறைந்திருந்தது. அரசின் செயல்களை நீதிபதி இரு கூறாக்கினார். தனியாரும் செய்யக்கூடியன ஒரு கூறு; ஆட்சியதிகாரம் உடைய அரசு மட்டுமே செய்யக்கூடியன மற்றொரு கூறு. முன்னதில் நேரும் பிழைக்கே அரசு பொறுப்பு, பின்னதில் நேரும் பிழைக்குப் பொறுப்பில்லை என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது. குதிரைக்குக் கிடைத்த நீதி மனிதனுக்குக் கிடையாமற் போதற்கு வழி வகுத்தது இப்பாகுபாடேயாம். எங்ஙனமெனிற் கூறுதும்.

1947 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20 ஆம் நாள் இரவு. நாடு இரண்டாகப் பிரிந்து ஒரு திங்களே கடந்திருந்தது. அமிர்தசரஸ் நகரத்துக் கஸ்தூரிலால் ரலியாராம் என்னும் பொன் வணிக நிறுவனத்தின் பங்காளி ஒருவர், பொன்னும் வெள்ளியும் விற்கக் கருதி மீரத் நகரம் வந்து இறங்கினார். கடைத்தெருவில் நடந்து சென்ற அவரைப் போலீஸார் ஐயுற்றுப் பிடித்தனர். நூறு தோலாவிற்கு மேற்பட்ட பொன்னையும் இரண்டு மணங்குக்கு மேற்பட்ட வெள்ளியையும் கைப்பற்றினர். அவரைக் காவலில் வைத்தனர். மறுநாள் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் வெள்ளியும் திரும்பி வந்தது. பொன் மட்டும் வரவில்லை. பண்டகசாலைப் பொறுப்பிலிருந்த ஹெட் கான்ஸ்டேபிள் பொன்னை அபகரித்துக்கொண்டு அக்டோபர்த் திங்களிற் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டான்.

வணிக நிறுவனத்தார் தம் பொன்னையோ அதன் விலையையோ அரசாங்கத்தினிடம் கேட்டனர்; கிடைக்காமையின் வழக்குத் தொடுத்தனர். கீழ்க் கோர்ட்டு அவர்கட்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. ஈற்றில் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1964 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உள்ளிட்டோர் தீர்ப்புக் கூறினர். போலீஸார் பொன்னை விதிப்படி காவாது கவனக்குறைவாக வைத்திருந்தனர் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், ஒருவனைக் கைது செய்தலும் அவன் பொருளைக் கைப்பற்றுதலும் ஆட்சியதிகாரத்தின்பாற் பட்ட செயல்கள். ஆகவே அவற்றில் நேர்ந்த பிழைக்கு அரசைப் பொறுப்பாக்க இயலாது என்று முடிவு கட்டியது. இந்நிலை மனநிறைவு தருவதன்று, சட்டமன்றம் இதற்கு ஆவன செய்தல் வேண்டும் என்பதையும் நீதிபதிகள் உடன் உரைத்தனர். நீதிமன்றம் வருந்தியது, பொன்னிழந்தோர் வெறுங்கையராய்த் திரும்பினர்.

சிலப்பதிகாரம் பயின்ற மாணவர்க்கு இவ்வழக்கு ஒரு பழைய செய்தியை நினைப்பூட்டாமற் போகாது. ஆண்டும் ஒரு வணிகன் பிற ஊரிலிருந்து வந்தான், பொன்னணி விற்கவே வந்தான், ஐயுறப்பட்டான். பொய்யுரைத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன். ஆயினும் உண்மை வெளிப்பட்ட அக்கணத்தில் பாண்டியன் பொற்கொல்லனைச் சுட்டித் தப்ப முயன்றானல்லன். காவலன் மேற் பழி போட்டானல்லன். கள்வரை ஒறுத்தல் ஆட்சியதிகாரத்தின்பாற் பட்ட செயலாதலின் எமக்குப் பொறுப்பில்லை என்று வாதிட்டானுமல்லன். பிழை தன்னுடையதே என ஏற்றான். தன் உயிரையே அதற்கு ஈடாக்கினான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திற் சிலையாய் நிற்கும் மனுநீதிச் சோழன் கதையின் கருத்தும் இதுவேயாம். இவை காப்பியமும் கதையுமாகலாம். ஆனால் ஆள்வோரிடத்து நம் முன்னோர் எதிர்பார்த்த அளவுகோல் யாது என்பதற்கு இவை சான்று. மன்னன் தவறிழையான் என்பது ஆங்கில நாட்டுப் பழஞ்சட்டத்தின் கொள்கை. மன்னன் தவறிழைத்தால் அவனே முதலிற் பொறுப்பாவான் என்பது நம் நாட்டின் கொள்கை.

இத்துணைக்கும் அவ்வாங்கில நாடே தன் பழங்கொள்கையைக் கைவிட்டது. 1947 ஆம் ஆண்டில், அதாவது மீரத்தில் அவ்வணிகர் பொன்னிழந்த அதே ஆண்டில், தன் அலுவலர் இழைக்கும் தீங்குகட்கு அரசு பொறுப்பாகும் என்னும் சட்டத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிறைவேற்றியது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் 1946 ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டமொன்று தோன்றியது. நாமோ அவர்கள் கழற்றி எறிந்த பழஞ்சட்டையை எடுத்து அணிந்துகொண்டோம். நம் அரசியலமைப்பின் 300 ஆம் பிரிவு, அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை, விடுதலைக்கு முன்னிருந்த நிலையிலேயே தொடர விட்டது. அந்நிலை 1935 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும், அதிலிருந்து 1915 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும், அதிலிருந்து 1858 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் நம்மை இட்டுச் செல்கின்றது. குடியரசின் குடிமகன் தன் அரசினிடம் என்ன உரிமை உடையன் என்று அறிய வேண்டின், கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பு எவ்வளவு என்று ஆராய வேண்டிய நிலை இவ்வாறு உண்டாயிற்று. புதிய சட்டம் இயற்றும் உரிமையைப் பார்லிமெண்டிற்கு அப்பிரிவே வழங்கியுள்ளது, அவ்வுரிமை பயன்படுத்தப்படவில்லை.

இக்குறையைச் சுட்டிக் காட்டுவார் இல்லாமற் போகவில்லை. இந்தியச் சட்ட ஆணைக்குழு 1956 ஆம் ஆண்டில் அளித்த முதல் அறிக்கையே இப்பொருள் பற்றியதுதான். பழைய பாகுபாட்டை விடுத்து, அரசின் பொறுப்பை வரையறுத்துச் சட்டம் இயற்றுக என அது பரிந்துரைத்தது. 1965 ஆம் ஆண்டிலும் 1967 ஆம் ஆண்டிலும் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. இரண்டும் சட்டமாகாமலே மறைந்தன. தன்னை வழக்கிற்கு உட்படுத்தும் சட்டத்தை இயற்றுதற்கு எந்த அரசாங்கமும் விரைவதில்லை போலும்! கட்சிகள் மாறின, மந்திரி சபைகள் மாறின, இவ்வொன்றில் மட்டும் எல்லாரும் ஒருமனப்பட்டே இருந்தனர்.

சட்டமன்றம் செய்யாததைச் செய்யும் சுமை நீதிமன்றத்தின் மேல் விழுந்தது. உதயப்பூர்க் கலெக்டரின் ஜீப்பு வண்டியைச் செப்பனிடும் பட்டறையிலிருந்து ஓட்டிவந்த அரசாங்க ஓட்டுநன், வழிநடந்து சென்ற ஒருவர் மீது மோத, அவர் இறந்தார். அவர் குடும்பத்தினர்க்கு 15,000 ரூபாய் வழங்குமாறு பிறந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1962 ஆம் ஆண்டில் உறுதி செய்தது. ஆயின் அதன்பின் இரண்டே ஆண்டுகளில் மீரத் வழக்கின் தீர்ப்பு வந்து அக்கதவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அலுவலர் வண்டியோட்டுகையிற் பிழைத்தால் ஈடு உண்டு; விலங்கிடுகையிற் பிழைத்தால் ஈடு இல்லை. குடிமகன் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் எதுவோ அவ்விடத்திலேயே அவனுக்குத் துணை இல்லாமற் போயிற்று.

மீண்டும் கதவைத் திறந்தது பீகார் நாட்டுச் சிறைக் கைதி ஒருவரின் வழக்காகும். 1968 ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் குற்றமற்றவர் எனக் கோர்ட்டினால் விடுவிக்கப்பட்ட அவர், முசாபர்ப்பூர்ச் சிறையினின்றும் வெளிவந்தது 1982 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில். விடுதலை பெற்றபின் பதினான்கு ஆண்டுகள் சிறை! 1983 ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி சந்திரசூட் அடங்கிய உச்ச நீதிமன்றம், வேறு வழக்குத் தொடுக்குமாறு அவரை அனுப்பிவிடாது, அடிப்படை உரிமை மீறப்பட்டமைக்காகத் தானே 30,000 ரூபாய் இடைக்கால ஈடாக அளிக்க ஆணையிட்டது. பதினான்கு ஆண்டுகளைப் பகுத்துப் பார்ப்பின் ஒரு நாளைக்கு ஆறு ரூபாயும் தேறாது. ஆயினும் ஆட்சியதிகாரம் என்னும் அரண் அன்று முதன்முறையாகப் பிளவுண்டது.

பிளவைப் பெருவழியாக்கியவர் ஒரு தாய். ஒரிசா நாட்டில் 1987 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இருபத்திரண்டு வயது நிரம்பிய இளைஞரைப் போலீஸார் விசாரணைக்கென அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் உடல் இருப்புப் பாதையோரம் காயங்களோடு கிடந்தது. தம்மைப் பிணித்திருந்த கயிற்றைப் பல்லாற் கடித்து அறுத்துத் தப்பியோடியவர் ரயிலில் அடிபட்டு இறந்தார் என்பது போலீஸார் கூறிய சமாதானம். தாயார் உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் ஒன்று எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1993 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீதிபதி வர்மா எழுதிய தீர்ப்பு, போலீஸார் கூற்றைத் தள்ளி, 1,50,000 ரூபாய் ஈடு வழங்க ஆணையிட்டது. அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் ஆட்சியதிகாரம் என்னும் கேடயத்தை அரசு உயர்த்த இயலாது என்பது ஐயந்திரிபற உரைக்கப்பட்டது. கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய பதினொரு நெறிகளை 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகுத்ததும், மீரத் வழக்கின் தீர்ப்புத் தன் வலிமையை இழந்துவிட்டது என 2000 ஆம் ஆண்டில் அம்மன்றமே கூறியதும் இதன் தொடர்ச்சியே.

இதுகாறும் கூறியவற்றால், நீதி மெல்ல மெல்ல முன்னேறியுள்ளது என்பது தெளிவு. அதற்காக நீதிபதிகட்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால், எம் கருத்தில் பாதி வழியே கடந்துள்ளோம்; எஞ்சிய பாதியே அரியது. அரசு ஈடு கொடுத்தல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. அரசு எங்கிருந்து கொடுக்கின்றது? பொக்கிஷத்திலிருந்து. பொக்கிஷம் யாருடையது? தீப்பெட்டி வாங்குவோனும் செலுத்தும் வரியால் நிரம்புவது. மகனை இழந்த தாயும் அவ்வரியைச் செலுத்தியவரே. ஆகவே அவர் பெறும் ஈட்டில் ஒரு துளி அவர் கொடுத்ததேயாம். அடித்தவன் சம்பளம் குறையவில்லை; அடிபட்டவன் ஊரார் பணம் குறைந்தது. மதுரை எரியுண்ட கதையிலும் அரசவையின் பிழைக்கு ஊர் விலை கொடுத்தது. ஆயினும் ஆண்டு அரசனும் தன் உயிரை ஈந்தான். இந்நாளிலோ ஊர் மட்டுமே விலை கொடுக்கின்றது.

ஒரிசா வழக்கின் தீர்ப்பிலும் இக்குறை காணப்படுகின்றது. சாவுக்குக் காரணமானவர் இன்னாரென அறிந்து அவர்மீது தக்க நடவடிக்கை எடுக்கும் என அரசினிடம் தாம் எதிர்பார்ப்பதாக நீதிபதிகள் எழுதினர். எதிர்பார்ப்பு வேறு, ஆணை வேறு. ஈட்டுத் தொகைக்கு ஆணை பிறந்தது. பொறுப்பைச் சுமத்துதற்கோ எதிர்பார்ப்பே எஞ்சியது. எதிர்பார்ப்பு நிறைவேறாவிடின் யாரைக் கேட்பது?

இக்குறையை நீக்கும் வழியையும் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமே காட்டியது. லக்னோ நகர வளர்ச்சிக் கழகம், வீட்டிற்குப் பணம் செலுத்திய ஒருவருக்கு உரிய காலத்தில் வீடு கொடாது அலைக்கழித்தது. அவருக்கு 10,000 ரூபாய் ஈடு அளிக்கப்பட்டது. 1993 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவ்வழக்கைத் தீர்த்த நீதிபதி ஸஹாய், அத்தொகை பொதுமக்கள் பணத்திலிருந்து சென்று மறைதல் தகாது. அலைக்கழித்த அலுவலர் இன்னாரெனக் கண்டு, அவரவர் பங்கிற்கேற்ப அவர்தம் சம்பளத்திலிருந்தே அதனைப் பெறுதல் வேண்டும் என ஆணையிட்டார். வீடு தாராமைக்கு விதிக்கப்பட்ட இந்நெறி, உயிர் போக்கியதற்கும் விதியாதல் வேண்டாவோ? செங்கல்லினும் உயிர் எளியதோ?

ஈண்டு எதிர்ப்போர் கூறும் காரணங்களையும் கேட்டல் முறை. முதலாவது, சொந்தப் பணம் போகும் என்னும் அச்சம் தோன்றின் அலுவலர் எதையும் துணிந்து செய்யார், கோப்பு நகராது, கள்வனைப் பிடிக்கவும் போலீஸார் தயங்குவர் என்பது. இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆதலின் நன்னம்பிக்கையோடு செய்த பிழைக்கும், தீய நோக்கத்தாலோ பெருங்கவனக்குறைவாலோ விளைந்த பிழைக்கும் வேற்றுமை காணல் வேண்டும் என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஐயத்திற்கு இடமான வேளையில் நேர்மையாக முடிவெடுத்துப் பிழைத்த அலுவலரைச் சட்டம் காக்கட்டும். கட்டி வைத்து அடித்தவனுக்கு நன்னம்பிக்கை என்னும் போர்வை எதற்கு? அடிப்பதற்கு அஞ்சுவோர் திருடனைப் பிடிக்கவும் அஞ்சுவர் என்பது எவ்வாறு பொருந்தும்?

அன்றியும், சொந்தப் பொறுப்பு என்பது நம் சட்டத்திற்குப் புதியதன்று. 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு, தக்க காரணமின்றித் தகவல் தர மறுக்கும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாயாக, 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கின்றது. அபராதத்தைச் செலுத்த வேண்டியவர் அவ்வலுவலரே. அவர் அலுவலகம் அன்று. இச்சட்டம் வந்தபின் அரசாங்க அலுவலகங்கள் அடைபட்டுப் போகவில்லை. ஒரு தாளைக் கொடாமைக்குச் சொந்தப் பணம் கட்டலாமெனின், ஓர் உயிரைக் காவாமைக்குக் கட்டலாகாதோ?

இரண்டாவது வாதம் இதனினும் நுண்ணியது. பொறுப்பைத் தனியாள்மீது சுமத்தினால், ஈற்றில் அகப்படுவோன் கடைநிலைக் காவலனே. ஆணையிட்ட மேலதிகாரி தப்பிவிடுவார் என்பர். இது நடவாததன்று. ஆனால், இதற்கு மருந்து பொறுப்பை நீக்குதலன்று. பொறுப்பை மேல்நோக்கி எடுத்துச் செல்லுதலே. செய்தவன், செய்யச் சொன்னவன், செய்ததைக் கண்டும் வாளாவிருந்தவன் ஆகிய மூவர்க்கும் பங்கு வகுத்தல் வேண்டும். சம்பளத்திற்கும் பதவிக்கும் ஏற்ப அப்பங்கு உயர்தல் வேண்டும். உயர்ந்த நாற்காலியிலிருப்போர்க்கு உயர்ந்த ஊதியம் கொடுப்பது உயர்ந்த பொறுப்பைக் கருதியே அன்றோ?

மூன்றாவதாக, தனி அலுவலரிடம் பெருந்தொகை ஏது, இழந்தோர் காத்துக் கிடக்க நேருமே என்பர். இதற்கு விடை எளிது. இழந்தோர்க்கு அரசே முதலில் முழுத் தொகையையும் கொடுத்துவிடட்டும். பின்னர்ப் பிழைத்தவரிடம் இயன்றதை அரசே பெறட்டும். கணக்குத் தீர்ப்பது அரசிற்கும் அதன் அலுவலர்க்கும் இடைப்பட்டது. அதற்காகத் துயருற்றோர் வாயிலிற் காத்து நிற்றல் வேண்டா.

பொறுப்பைத் தடுக்கும் வேலிகள் இன்னும் சில உள. அரசின் மீது உரிமை வழக்குத் தொடுக்க இரண்டு திங்கள் முன்னறிவிப்புத் தருதல் வேண்டும் என்கின்றது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவு. அலுவலர் தம் கடமையைச் செய்கையில் இழைத்ததாகக் கூறப்படும் குற்றத்திற்கு அரசின் இசைவின்றி அவர்மீது வழக்கை நடத்த இயலாது என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197 ஆம் பிரிவாக நெடுநாள் இருந்தது. இசைவு தருமாறு கேட்ட கடிதத்திற்கு ஆண்டுக்கணக்கில் விடை வராமையும் உண்டு. 2024 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 120 நாளுக்குள் அரசு முடிவு கூறாவிடின் இசைவு தந்ததாகவே கொள்ளப்படும் என்கின்றது. இது வரவேற்கத்தக்க திருத்தம். மௌனத்தை மறுப்பாக்கிய காலம் போய், மௌனம் இசைவாகும் காலம் வந்துள்ளது. இத்தகைய காலவரையறை ஈடு பெறுதற்கும் பொறுப்புச் சுமத்துதற்கும் வேண்டும்.

இவை யாவும் தொலைநாட்டுச் செய்திகள் எனக் கருதுவாரும் உளர். 2020 ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் சாத்தான்குளத்தில் வணிகராகிய தந்தையும் மகனும் போலீஸ் காவலிற் பட்ட துன்பத்தால் ஒருவர்பின் ஒருவராய் உயிர் நீத்ததை நம் நாடு மறந்திராது. ஊரடங்குக் காலத்திற் கடை திறந்திருந்தது பற்றி எழுந்த பேச்சு இரண்டு உயிர்களோடு முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்தது. நீதிமன்றம் விழிப்பாயிருந்தமை பெருமைக்குரியதே. ஆயினும் ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்றம் தானே முன்வந்தாலன்றி நீதி அசையாதெனின், உயர் நீதிமன்றத்தின் கண்ணிற் படாதோர் கதி யாது? செய்தித்தாளிற் பெயர் வாராத சாவுகட்கு யார் முன்வருவார்?

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. 1956 ஆம் ஆண்டுப் பரிந்துரையைப் பார்லிமெண்டு இனியேனும் சட்டமாக்குக, ஆட்சியதிகாரச் செயல், அல்லாத செயல் என்னும் பாகுபாட்டை அடியோடு நீக்குக, இது முதலாவது. ஈடு வழங்கிய ஒவ்வொரு வழக்கிலும் குறித்த நாளுக்குள் பொறுப்பாளர் இன்னாரென விசாரணை செய்து, நன்னம்பிக்கையாற் பிழைத்தோரை விடுத்து ஏனையோரிடம் பங்கு பெறுக, அவ்விசாரணையைப் பிழைத்தவரின் துறையாரே நடத்தாது வேறொருவர் நடத்துக, இது இரண்டாவது. ஆண்டுதோறும் ஈடாகச் சென்ற தொகை எவ்வளவு, அலுவலரிடமிருந்து மீண்டது எவ்வளவு என்னும் கணக்கை வரவு செலவுத் திட்டத்தோடு சட்டமன்றத்தில் வைக்குக, இது மூன்றாவது. பாலத்திற்குச் செலவிட்டதைக் கூறும் அரசு, பழிக்குச் செலவிட்டதையும் கூறட்டும். மறைக்கப்படும் செலவு குறைவதில்லை.

ஈற்றில் எம்மொத்த மாணவர்க்கு ஒரு சொல். இக்கல்லூரியிற் பயில்வோரில் அரசாங்கத் தேர்வுகட்கு ஆயத்தம் செய்வோர் பலர். நூலகத்தின் நீண்ட மேசையில் மாலைதோறும் அவர்களைக் காண்கின்றோம். அவருட் சிலர் நாளை தாசில்தாராவர். சிலர் போலீஸ் ஸப் இன்ஸ்பெக்டராவர். ஓரிருவர் கலெக்டராதலும் கூடும். அரசியலமைப்பின் பிரிவுகளை அவர்கள் நெஞ்சறிய ஒப்பிக்கின்றனர். தேர்விற்கு அது வேண்டுவதே. அதனோடு, கயிற்றைக் கடித்து அறுத்ததாகக் கூறப்பட்ட அவ்விளைஞரின் வயதையும் நினைவிற் கொள்வாராக. அவ்வயது நம் வயதினின்றும் மிகத் தொலைவன்று. இற்றைக்கு விசாரிக்கப்படும் இடத்திலிருக்கக் கூடிய நாம், ஒரு நியமன ஆணை வந்த நாளில் விசாரிக்கும் இடத்திற்கு மாறிவிடுவோம். இடம் மாறும் அந்நாளில், என் பிழைக்கு என் ஊரார் பணம் கொடுப்பர் என்று எண்ணுவோமாயின் நாம் கற்றது வீண். என் பிழை என்னுடையது என்று சொல்லும் துணிவைச் சட்டம் கட்டாயப்படுத்துமுன் நாமே பழகிக் கொள்ளுதல் நலம்.